மரத்தடி பெஞ்சில் தூங்கியவர்

மதியம் சாப்பிட்டுவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால், பாலம் வருவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று மாறும். கடைத்தெருப் புழுக்கம் போய், தண்ணீரும் மணலும் கலந்த ஒரு குளிர்ச்சி முகத்தில் படும். பாதிக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஆடி மாதமானால் ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகும். கோடையில் வெறும் மணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். வீட்டை விட்டு வந்தாயிற்று, காலேஜ் இன்னும் வரவில்லை, இந்த நடுவில் என்னை யாரும் எதற்காகவும் கூப்பிட முடியாது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பிலேயே மறுபடி கண் மூடிக்கொள்ளும். அக்கரையில் கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன்.

பி.ஏ. வரலாறு, மதிய ஷிஃப்ட். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மலைக்கோட்டைக்குக் கீழே, வளையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், மாடியில் எங்கள் வீடு. கீழே மொத்த வியாபாரக் கடை. காலையில் ஷட்டர் தூக்கும் சத்தத்தோடு பொழுது தொடங்கும், ஷட்டர் இறக்கும் சத்தத்தோடு முடியும். கணவர் வளைகுடாவில். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவரைச் சபுராளி என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். ஒரே மகள். அவளையும் கட்டிக் கொடுத்தாயிற்று.

காலேஜுக்கு நான் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது பள்ளிக்கூடம் முடித்த கையோடு. ஒரு மாதம்கூட முழுசாகப் போகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். மாப்பிள்ளை வந்ததில் சிக்கல் இல்லை, அவருடைய லீவு முடியப் போனதுதான் சிக்கல். எங்கள் வீடுகளில் கல்யாணத் தேதியைப் பெரியவர்கள் குறிப்பதாகத்தான் பேச்சு. உண்மையில் அதைக் குறிப்பது மாப்பிள்ளையின் கம்பெனி. ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்த்தார்கள், அடுத்த வாரமே நிக்காஹ். "காலேஜ் எங்க ஓடிப் போகுது, அப்புறமா படிச்சுக்கலாம்" என்று என்னைப் பெற்ற அத்தா சொன்னார். அவர் சொன்னது சரிதான். காலேஜ் எங்கேயும் ஓடவில்லை. நான் திரும்பிப் போகத்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மகள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகுதான் மதியம் என்று ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை. கீழே கடைக்காரர்கள்கூட கல்லாவில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். வீடு கிணறு மாதிரி இருக்கும், நான் செருமினால் எனக்கே திரும்பக் கேட்கும். அப்படி ஒரு மதியத்தில் போனில் கணவரிடம் கேட்டேன்.

"நான் காலேஜ்ல சேரட்டுமாங்க?"

அவர் சிரித்தார். "சேரேன். வீட்ல சும்மாதானே இருக்க."

அந்தச் 'சும்மா'வுக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் சம்மதம் கெட்டுப் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற காலேஜுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். அவர் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருந்தார் என்று தெரிவதற்குள் நான் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் வாசலில் செக்யூரிட்டி மறித்தார். "பேரண்ட்ஸ் மீட்டிங் இன்னைக்கு இல்லீங்களே."

"நான் படிக்க வந்திருக்கேங்க."

"உங்க பொண்ணா, பையனா?"

"நான்தாங்க படிக்கிறேன்."

அவர் என் புர்காவைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு ஏதோ மந்திரி வந்த மாதிரி ஒதுங்கி வழிவிட்டார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நான் வேகமாக நடந்தேன்.

வகுப்பில் எனக்கு ஜன்னலோர இடம். பக்கத்தில் முசிறியிலிருந்து வருகிற ஒரு பெண். அவர்கள் வீட்டில் வாழை போட்டிருக்கிறார்கள். விடிவதற்கு முன்னே எழுந்து அம்மாவோடு இலை அறுத்துக் கட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, பஸ் பிடித்து வந்து சேருவாள். இரண்டாவது பீரியட் தொடங்கும்போது அவள் தலை என் தோளில் இருக்கும். நானும் யோக்கியம் இல்லை. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டோம். அவள் தூங்கினால் நான் கிள்ள வேண்டும், நான் தூங்கினால் அவள். இரண்டு பேரும் சேர்ந்தே தூங்கிப்போன நாட்களில் ஒப்பந்தம் செல்லாது.

மதிய வகுப்பைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றும். மேடத்தின் குரல் பக்கத்தில் வந்து, தூரம் போய், மறுபடி பக்கத்தில் வரும். அவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் அவரை மேம் என்பேன், அவர் என்னை அம்மா என்பார். ஒரு நாள் கர்நாடகப் போர் நடத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்துகொண்டு வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்ட கதை. கேட்டுக்கொண்டே இருந்தவள் எங்கேயோ நழுவிவிட்டேன். பார்த்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படை முழுதும் வரிசையில் நிற்கிறது. குதிரைகளும் நிற்கின்றன. கண்டக்டர், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, பாலம் தாண்டி எல்லாம் எறங்கிருவாங்க" என்று தளபதியை அதட்டுகிறார். தளபதி எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுக்கிறான். கிள்ளல் விழுந்து விழித்தபோது மேடம் என்னைப் பார்த்து, "அம்மா, அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நான் எழுந்து நின்று, "பாலத்த தாண்டிட்டாங்க மேம்" என்றேன். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்படியே ஒன்றரை வருஷம் கனவு மாதிரிப் போயிற்று. நாலாவது செமஸ்டரில்தான் பிடித்தது வினை. மகளுக்குப் பிரசவம். தலைப் பிரசவம் தாய்வீட்டில்தானே. நான் எடுக்கக்கூடிய விடுப்பையெல்லாம் பத்தியச் சாப்பாட்டிலும் பேரனுக்கு மருந்து உரசுவதிலும் எடுத்து முடித்துவிட்டேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பியதும் காலேஜுக்குப் போனேன். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, அட்டெண்டன்ஸ் விளிம்புல நிக்குது. இனிமே லீவே போடாதீங்க. போட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"போடமாட்டேன் மேம்" என்றேன். அல்லா மேல் ஆணையாக என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கணவர் போனில் கூப்பிட்டார். "லீவு கெடச்சிருச்சு. இந்த மாசக் கடைசியில வரேன்."

சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுகை வந்துகொண்டிருக்கும்போதே மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுபடியும் அவர் லீவு, மறுபடியும் என் காலேஜ். அதைச் சொல்லாமல், "அல்ஹம்துலில்லாஹ், வாங்க" என்றேன்.

சபுராளி லீவில் வந்தால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொன்னால்தான் இது புரியும். அந்த இரண்டு மாதம் மனைவிக்கு வேறு வேலை கிடையாது. தையல் வகுப்பு, மதரஸா வகுப்பு எல்லாம் நின்றுவிடும். பல்வலி வந்தால்கூட, "அவரு போனதுக்கப்புறம் புடுங்கிக்கலாம்" என்று கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொள்வார்கள். முதல் வாரம் பெட்டி பிரிப்பு. பேரீச்சம்பழம், சோப்பு, தைலம், அத்தர் என்று உறவுக்காரர்களுக்குப் பங்கு போட வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வீடு விருந்து. அவர் போகிற இடமெல்லாம் நான் போக வேண்டும், அவர் இருக்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை.

அவர் வந்தார். இளைத்திருந்தார், முன்தலை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. பெட்டி பிரித்த அன்று அவருடைய அக்கா சோப்புகளை அடுக்கிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"திங்கக்கெழமை எங்க வீட்ல மதிய விருந்து. வந்துருவீங்கள்ல?"

"ராத்திரிக்கு வச்சுக்கலாமா? மதியம் எனக்குக் காலேஜ் இருக்கே."

சோப்பு கையிலேயே நின்றது. "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றவன விட்டுட்டு நீ பைய தூக்கிட்டுப் போகப் போறியா? நல்லா இருக்கும்மா நீ பண்றது."

அவர் எனக்காகவும் பேசவில்லை, அக்காவுக்காகவும் பேசவில்லை. தைலப் புட்டிகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை அக்கா வீட்டு விருந்து நின்றுபோயிற்று. வீட்டிலேயே அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் படுத்த பிறகு கிளம்பினேன். பாலத்தில் அன்று கண் சொக்கவில்லை. வகுப்பு முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடாமல் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு போடலையா?"

"போடணும்."

"உடம்பு சரியில்லையாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. முழிச்சேனா, எங்க இருக்கேன்னே புரியல. அங்க ரூம்லதான் இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

நான் விளக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அங்கே ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு எப்போதும் ராத்திரி வேலை. பகலில்தான் தூக்கம். வெயில் வராமல் ஜன்னலில் அட்டையை வைத்து அடைத்திருப்பார்களாம். அறையில் இருக்கிற மற்றவர்களுக்குப் பகல் வேலை. இவர் விழிக்கிற நேரம் எல்லாக் கட்டிலும் காலியாக இருக்குமாம்.

"இங்க வந்தா மட்டும்தான் நான் கண்ணு முழிக்கும்போது ஒரு ஆள் இருக்கும். நீ இருப்ப. லீவுன்னா எனக்கு அதுதான். விருந்து, பிரியாணி எல்லாம் அவங்க ஆசைக்கு. நான் முழிக்கும்போது நீ இருக்கணும், வேற ஒண்ணும் நான் கேக்கல."

முந்தைய லீவுகள் நினைவுக்கு வந்தன. அவர் தூங்கும்போது நான் ஏதாவது துணியைத் தைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கண்ணைத் திறந்து பார்ப்பார், மறுபடி மூடிக்கொள்வார். டீ தயாராகிவிட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மனசு அப்படியே இளகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் குணம் அப்படியே விடாதே. இளகின மனசுக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"நான் முழிக்கும்போது யாருங்க இருந்தா?" என்றேன். "ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? பிள்ளைய பெத்துட்டு நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணு தொறந்தப்ப, மேல ஆஸ்பத்திரி ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்க இல்ல."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்கும் உங்க லீவுக்குத்தான் காலேஜ விட்டேன். இன்னொரு தடவ என்னால விட முடியாதுங்க."

"விடச் சொல்லலையே நான்."

"பின்ன என்ன சொல்றீங்க?"

அவர் கேட்டது நியாயம், நான் கேட்டதும் நியாயம். யாராவது ஒருவர் அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டு முடித்திருக்கலாம். தோசை வார்த்துப் போட்டேன், சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு எழுந்தவர் படுக்கப் போகவில்லை. சட்டையை மாட்டினார். மெல்லிசான ஒரு வெள்ளைத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"உன் காலேஜுக்கு."

"அங்க எதுக்கு?"

"தூங்கறதுக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பஸ்ஸில் எனக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டும் அவருக்குக் காசு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். "சபுராளின்னு தெரிஞ்சு வாங்குறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். பாலத்தில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். காற்று முகத்தில் அடிக்க, அவரும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்யூரிட்டி முதலில் முடியாது என்றார். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். செக்யூரிட்டியின் தம்பியும் வளைகுடாவில் இவர் இருக்கிற அதே ஊரில்தான் வேலை பார்க்கிறாராம். அவ்வளவுதான், அப்புறம் நான் தேவைப்படவில்லை. எங்கள் வகுப்பறைக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் அதில்தான் உட்காருவார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கையைத் தலைக்கு வைத்து, எங்கள் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். மரத்துக்கும் ஆளுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

வகுப்பு முழுவதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. மேடமும் பார்த்தார். "யாரது?"

நான் எழுந்தேன். "எங்க வீட்டுக்காரர் மேம்."

"என்ன பண்றார்?"

"தூங்கறார் மேம்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. மேடம் கொஞ்சம் யோசித்தார். "சரி, தூங்கட்டும். இங்க உள்ளயும் பாதிப் பேர் அதைத்தானே பண்றீங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினார்.

கடைசி மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே ஓடினேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அசைந்தார், துண்டை விலக்கினார், கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உடனே எழவில்லை. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நான் எப்போதும் கையில் ஊசியும் நூலுமாக இருப்பேன், அந்த முகத்தை நின்று பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் தூங்கி எழுந்து அம்மாவைப் பார்க்கும்போது வருமே, அந்த நிம்மதி அதில் இருந்தது. "வந்துட்டியா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அப்படியே ஆயிற்று. விருந்துகள் எல்லாம் ராத்திரிக்கு மாறின. அவருடைய அக்கா கொஞ்ச நாள் முறைத்தார். "மரத்தடியிலயா தூங்குறான் என் தம்பி?" என்று கேட்டார். "நல்லாவே தூங்குறாரு" என்றேன். வகுப்புக்கு நடுவில் அவ்வப்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எப்போது பார்த்தாலும் துண்டு முகத்தில், ஆள் அசையாமல் கிடப்பார். பூ உதிர்ந்து மேலே கிடக்கும். அணில் பெஞ்சின் முதுகில் ஓடும். எனக்குப் பாடத்தில் தைரியம் வந்தது. தூக்கம்கூட வருவதில்லை. அவர் எனக்கும் சேர்த்துத் தூங்குகிறார் என்று முசிறிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலங்களைத்தான் நான் மறக்க மாட்டேன். எங்கள் சந்தில் பத்து அடிக்கு ஒரு சொந்தக்காரர். ஸ்ரீரங்கத்தில் எங்களை யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு வருகிற கூட்டம் அதன் அவசரத்தில் போய்க்கொண்டிருக்கும். பூக்கடைகளைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்று டீ குடிப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ரோட்டோரம் நின்று டீ குடித்ததே இல்லை. சில நாள் அம்மா மண்டபத்துப் படித்துறை வரை நடப்போம். படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்போம். வெளிச்சம் மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்து போகும். அவர் பேசுவார். ரொட்டி வெந்து வரும் வாசனை முதல் மாதம் எவ்வளவு பிடித்திருந்தது, இரண்டாம் மாதம் எப்படிக் குமட்டியது என்று சொல்வார். இதெல்லாம் போனில் வராத பேச்சு. ஒரு நாள் திடீரென்று கேட்டார்.

"அந்த ராபர்ட் கிளைவு, அவன் எப்பத்தான் ஊருக்குத் திரும்பிப் போனான்?"

நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "அவனும் சபுராளிதான்" என்று சொல்லிச் சிரித்தார். கிளைவைப் பற்றி இவரிடம் எப்போது பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. இருட்டத் தொடங்கியதால் எழுந்துவிட்டோம்.

ஒன்றுதான் விநோதமாக இருந்தது. மற்ற லீவுகளில் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பவர், இந்தத் தடவை ராத்திரி இஷா தொழுத கையோடு சாய்ந்துவிடுவார். விருந்துக்குப் போன இடத்திலேயே கொட்டாவி விடுவார். பஸ் அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் விமானம், எனக்கும் வகுப்பு இல்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது திரும்பி, "பரீட்சைய நல்லா எழுது" என்றார். வேறு தடவையானால் மருந்து சாப்பிடு, கதவைப் பூட்டு என்றுதான் சொல்லியிருப்பார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அவர் படுத்த தலையணை உறையை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அட்டெண்டன்ஸ் கணக்கு வந்தது. மேடம் என்னைப் பார்த்து, "தப்பிச்சுட்டீங்கம்மா, பரீட்சை எழுதலாம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இடைவேளையில் நான் ஜன்னல் வழியே காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முசிறிப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"மாமா இல்லாம க்ளாஸே போரடிக்குதுக்கா."

"அவரு தூங்கறதுல உனக்கென்னடி பொழுதுபோக்கு?"

அவள் பின்பெஞ்சுப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நெஜமாவே உங்களுக்குத் தெரியாதாக்கா? மாமா ஒரு நாள்கூடத் தூங்கலக்கா. அந்தத் துண்டு மெல்லிசுதானே, அதுக்குள்ளேருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பாரு. நீங்க இந்தப் பக்கம் திரும்பினா அசையாம கெடப்பாரு, அந்தப் பக்கம் திரும்பினதும் துண்டத் தூக்கிடுவாரு. ஒரு நாள் நான் கை ஆட்டினேன். வாயில வெரல வச்சு, சொல்லாதங்கற மாதிரி காமிச்சாரு. பெல் அடிச்சதும்தான் அவசர அவசரமா கண்ண மூடிப்பாரு. நாங்க எல்லாரும் அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எனக்கு அப்படி ஒரு கோபம். இரண்டு வருஷம் ஒழுங்கான தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டு வந்த மனுஷன், கிடைத்த லீவையும் விழித்தே கழித்திருக்கிறார். அங்கே அவர் எழுகிற நேரம்தான். பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன். தூக்கம் கலையாத குரலில் ஸலாம் சொன்னார்.

"ஏன் தூங்கல நீங்க?" என்றேன்.

"இப்பத்தான் முழிக்கிறேன், தூங்கலயாங்கற?"

"காலேஜ்ல."

"யாரு சொன்னா? அந்த முசிறிப் பொண்ணா?"

"யாரு சொன்னா என்ன? தூங்கப் போறேன்னுதானே வந்தீங்க? இல்லாட்டி வீட்லயாவது நிம்மதியா படுத்திருக்கலாம்ல?"

"மொத நாள் தூங்கறதுக்குத்தான் படுத்தேன்" என்றார். "துண்டப் போட்டுக்கிட்டுப் பாத்தா ஜன்னல்ல நீ தெரிஞ்ச."

"நான் தெரிஞ்சா என்ன? என்னைய நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்லையே. உன்ன நான் எப்பப் பாத்தாலும் நீ என்னைத்தான் பாத்துக்கிட்டிருப்ப. போன்லயும் அப்படித்தான், லீவுல வந்தாலும் அப்படித்தான். டீ வேணுமா, சோறு போடவான்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. நீ என்னைய மறந்துட்டு வேற ஒண்ணப் பாத்துக்கிட்டு இருக்கறத நான் பாத்ததே இல்ல. பேனாவக் கடிச்சுக்கிட்டு, அந்த மேடம் சொல்றதுக்கு மொகத்தச் சுளிச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கறவளக் கிள்ளிக்கிட்டு... நான் கட்டிக்கிட்டது இவளத்தானான்னு இருந்துச்சு. நான் பாக்கறேன்னு தெரிஞ்சா நீ பாடத்த விட்டுட்டு முக்காட்ட சரி பண்ண ஆரம்பிச்சுருவ. அதான் கண்ண மூடிக்கிட்டேன். அதப் பாக்காம எவனாவது தூங்குவானா, சொல்லு."

உள்ளே மணி அடித்தது. அங்கே அவருக்கும் கேட்டிருக்கிறது.

"பெல்லடிக்குது பாரு. போ, க்ளாஸுக்குப் போ" என்றார்.

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.